‘கடன் முழுக்க எனக்குத்தான்’ என்று கிளப் முதலாளி சொன்னால் நம்பலாமா?

வடக்கு இங்கிலாந்தில் சிறிய உணவகம் நடத்தும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றிச் சுருக்கித் தருகிறோம்.

அவருடைய ஊர்க் கால்பந்து கிளப், இங்கிலாந்தின் மூன்றாம் நிலைப் பிரிவான லீக் ஒன்னில் ஆடுகிறது. நூறு வயதைத் தாண்டிய கிளப். குடும்பத்தோடு சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், இரண்டு ஆண்டுகளாக ஆட்ட நாட்களில் மைதானத்துக்கு உணவும் சப்ளை செய்கிறார். ஆறு பில்கள், மொத்தம் 11,400 பவுண்டு, நிலுவையில் இருக்கின்றன. வீரர்களின் சம்பளம் இந்த சீசனில் இரண்டு முறை தாமதமாகியிருக்கிறது. வரித்துறை நீதிமன்றத்துக்குப் போகப்போகிறது என்று ஊரில் பேச்சு. கம்பெனிகளின் அரசுப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸில் இருந்து அவர் எடுத்த கணக்கின்படி ஆண்டு வருமானம் 6 மில்லியன் பவுண்டு, சம்பளம் மட்டும் 6.6 மில்லியன், நஷ்டம் 4.2 மில்லியன். முதலாளியின் வேறொரு கம்பெனிக்குக் கிளப் 17 மில்லியன் தர வேண்டும். மைதானம் நான்கு ஆண்டுகளுக்கு முன் முதலாளியின் இன்னொரு கம்பெனிக்குக் கைமாறிவிட்டது.

“கடன் முழுக்க எனக்குத்தான், வெளியாருக்கு ஒன்றுமில்லை” என்கிறாராம் முதலாளி. வாசகரின் பாக்கிக்குப் பதிலாகப் பங்குகளும் ‘அசோசியேட் டைரக்டர்’ பதவியும் தருவதாகச் சொல்கிறார். மறுபக்கம், கிளப்பை வாங்க முயலும் ரசிகர்களின் அமைப்பான சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட் 5,000 பவுண்டு முதலீடு கேட்கிறது. “நூறு வருசக் கிளப்பை லீக் சும்மா விட்டுவிடுமா? இப்போது ரெகுலேட்டரும் வந்தாச்சே. மைதானத்துக்குள்ளேயே வியாபாரம் செய்கிறவன் என்பதால் எனக்கு முன்னுரிமை உண்டு என்று ஒருவர் சொன்னார், சரியா?” என்று கேட்கிறார்.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

நீங்கள் ஒரே நேரத்தில் மூன்று வேடத்தில் நிற்கிறீர்கள்: ரசிகர், கடன் கொடுத்தவர், முதலீடு செய்ய அழைக்கப்படுபவர். மூன்றுக்கும் சட்டத்தில் வெவ்வேறு இடம். கடிதத்தில் மூன்றும் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீரும். கடைசிக் கேள்விக்கு உடனே பதில்: உங்களுக்கு எந்த முன்னுரிமையும் இல்லை. காரணம் கீழே வருகிறது.

முதலாளிக்குத் தர வேண்டிய கடனும் கடன்தான்

“அவர் போட்ட காசை அவரே எப்படித் திரும்பக் கேட்பார்” என்று எழுதியிருக்கிறீர்கள். பல ரசிகர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர் போட்டது பங்கு மூலதனமாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. கடனாகப் போட்டிருந்தால், கிளப் விழும் நாளில் அவரும் உங்களோடு அதே வரிசையில் கையேந்தி நிற்பார், உங்களைவிடப் பெரிய பையோடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிணை இல்லாத கடன் மொத்தம் 20 மில்லியன், அதில் முதலாளியின் கம்பெனிக்கு 17 என்று வைத்துக்கொள்வோம். சொத்தை விற்று, முன்வரிசைக்காரர்களுக்குக் கொடுத்ததுபோக 1 மில்லியன் மிஞ்சினால் பவுண்டுக்கு 5 பென்ஸ். உங்கள் 11,400க்குக் கிடைப்பது 570 பவுண்டு. முதலாளிக்கு 8,50,000. அவர் தன் கடனை விட்டுக்கொடுத்துவிட்டால் அதே 1 மில்லியன் 3 மில்லியனுக்குப் பங்கிடப்படும், உங்களுக்கு 3,800 கிடைக்கும். ஆகவே அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: இந்தக் கடன் மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகே திருப்பப்படும் என்று எழுத்தில் இருக்கிறதா? பங்காக மாற்றப்பட்டிருக்கிறதா? மாற்றியிருந்தால் புதிய பங்கு வெளியீட்டுப் படிவம் கம்பெனிஸ் ஹவுஸில் பதிவாகியிருக்கும். அதில்லாத வாய்ச்சொல்லுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு கிடையாது.

கடனைத் தள்ளுபடி செய்வதாலேயே கிளப் பிழைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். போல்டன் வாண்டரர்ஸின் பழைய முதலாளி எடி டேவிஸ், 2016இல் கிளப்பைக் கைமாற்றியபோது தனக்கு வர வேண்டிய பெருங்கடனைப் பெரும்பாலும் தள்ளுபடி செய்தார். 2019 மே மாதத்தில் கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு, அதாவது திவால் நிலையில் கம்பெனியை அட்மினிஸ்ட்ரேட்டர் ஒருவர் ஏற்று நடத்தும் முறைக்கு, போய்விட்டது. பழைய கடன் போனாலும் மாதாமாதம் விழும் பள்ளம் போகவில்லை. உங்கள் கிளப்பின் பள்ளம் மாதத்துக்கு 3,50,000 பவுண்டு. 17 மில்லியனைவிட இந்த எண்ணைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இதை நிரப்புகிறவர் கையை இழுத்துக்கொண்டால் அடுத்த சம்பள நாளே நெருக்கடி.

ஆடிட்டர் அறிக்கையில், தொழில் தொடர்ந்து நடக்குமா என்பதில் ‘கணிசமான நிச்சயமின்மை’ இருப்பதாகத் தனிப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த 12 மாதங்களுக்கு முதலாளி ஆதரவளிப்பதாகக் கடிதம் கொடுத்திருப்பதாக அதில் எழுதியிருக்கும். அத்தகைய கடிதங்கள் பெரும்பாலும் அவரைச் சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல.

மைதானம் யார் கையில்

மைதானம் தனிக் கம்பெனியில் இருப்பதால் கடன்காரர்கள் தொட முடியாது, பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். கிளப்புக்குக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது என்பது உண்மை. அந்தக் கடன் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர் என்பதை மறந்துவிட்டீர்கள். சொந்த வீட்டை மச்சான் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதிலேயே வாடகைக்கு இருப்பது போன்ற நிலை இது. கிளப்பை வாங்க வருகிறவர் மைதானத்துக்கு வேறொருவரிடம் தனியாகப் பேரம் பேச வேண்டும்.

டெர்பி கவுன்டியின் பிரைட் பார்க் 2018இல் அப்போதைய முதலாளி மெல் மோரிஸின் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2021 செப்டம்பரில் கிளப் அட்மினிஸ்ட்ரேஷனில் விழுந்தபோது விற்பனை மாதக்கணக்கில் இழுத்ததற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம். கடைசியில் 2022 கோடையில் டேவிட் கிளவ்ஸ் முதலில் மைதானத்தை வாங்கி, பிறகு கிளப்பை வாங்கினார். அந்த சீசனில் டெர்பிக்கு அட்மினிஸ்ட்ரேஷனுக்காக 12 புள்ளிகளும் கணக்கு விதிமீறலுக்காக இன்னும் 9 புள்ளிகளும் வெட்டப்பட்டு, அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியிருந்தது. ஷெஃபீல்டு வென்ஸ்டேயில் 2025 அக்டோபரில் கிளப் கம்பெனி, ஹில்ஸ்பரோ மைதானக் கம்பெனி இரண்டுமே அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போயின. வாங்குகிறவருக்கு அது ஒருவகையில் வசதி, இரண்டையும் ஒரே மேசையில் பேசலாம்.

ஆகவே லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுண்டு கட்டி மைதானத்தின் உரிமைப் பதிவை எடுங்கள். உரிமையாளர் யார், யாருக்கு அடமானம், கிளப்புக்கு எத்தனை ஆண்டுக் குத்தகை என்பன தெரியும். கம்பெனிஸ் ஹவுஸில் இரண்டு கம்பெனிகளின் அடமானப் பட்டியலையும் பாருங்கள், இலவசம். அடமானம் எழுதி 21 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், அவசரக் கடன் எப்போது வாங்கினார்கள் என்பதையும் அந்தப் பட்டியலே சொல்லிவிடும். மூன்றைத் தேடுங்கள்: குறுகிய காலக் கடன் கம்பெனிக்கு மைதானம் அடமானம், வரவிருக்கும் டிரான்ஸ்ஃபர் தவணைகளோ லீக்கின் டிவி பணமோ முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்டிருப்பது, முதலாளியின் பழைய கடனுக்கு அண்மையில் எழுதப்பட்ட அடமானம். மூன்றாவது இருந்தால் அவர் வரிசையில் உங்களுக்கு முன்னால் போய்விட்டார். ஆனால் புதுப் பணம் ஏதும் தராமல் பழைய கடனுக்காக வாங்கிய மிதக்கும் அடமானத்தை (குறிப்பிட்ட ஒரு சொத்தின் மீதல்லாமல், மாறிக்கொண்டே இருக்கும் சொத்துகளின் மீது பொதுவாக எழுதுவது), தொடர்புடையவர் என்றால் இரண்டு ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்லாததாக்க 1986ஆம் ஆண்டின் இன்சால்வன்சி சட்டத்தின் 245ஆவது பிரிவு வழி தருகிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் வந்தால் முதல் வாரத்திலேயே இதை அவருக்கு எழுதிப் போடுங்கள்.

வரிசையில் உங்கள் இடம்

‘கால்பந்துக் கடன்’ என்ற சலுகை உண்டு. வீரர்களின் சம்பளம், மற்ற கிளப்புகளுக்கான டிரான்ஸ்ஃபர் பாக்கி, லீக்குக்கும் கால்பந்து அமைப்புகளுக்கும் தர வேண்டியது ஆகியவை இதில் வரும். லீக்கில் ஆடும் உரிமைக்கான பங்கு லீக்கின் கட்டுப்பாட்டில் இருப்பதால், இவற்றை முழுதாகக் கட்டினால்தான் புதிய முதலாளிக்கு அதை மாற்றித் தருவோம் என்று லீக் நிபந்தனை போடுகிறது. வரித்துறை இதை எதிர்த்து வழக்காடி 2012இல் தோற்றது. மைதானத்துக்குள் சமோசா விற்றாலும் உங்கள் பில் கால்பந்துக் கடன் ஆகாது. 2010இல் போர்ட்ஸ்மத் விழுந்தபோது, ஆட்ட நாளில் முதலுதவிக்கு வந்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்கூட சாதாரணக் கடன் பட்டியலில்தான் நின்றது.

சட்டப்படி பணம் போகும் வரிசை இது: அடமானம் வைத்திருப்பவர், அட்மினிஸ்ட்ரேட்டரின் செலவு, ஊழியர் சம்பளப் பாக்கியில் ஆளுக்கு 800 பவுண்டு வரை, பிறகு வரித்துறை. 2020 டிசம்பர் 1 முதல் வாட், ஊழியர்களிடம் பிடித்த வருமான வரி, தேசியக் காப்பீடு ஆகியவற்றுக்கு வரித்துறை உங்களுக்கு முன்னால் நிற்கிறது. சம்பளத்துக்குத் திணறும் கிளப் முதலில் நிறுத்திவைப்பது வரியைத்தான். அதனால் இந்தப் பாக்கி எப்போதும் பெரிதாகவே இருக்கும். இவர்களுக்கெல்லாம் பிறகு நீங்கள்.

லீக்கை நடத்தும் அமைப்பான ஈ.எஃப்.எல்.லின் விதிப்படி வாங்குகிறவர் சாதாரணக் கடனுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸ் உடனேயோ, மூன்று ஆண்டுகளில் 35 பென்ஸோ கொடுக்க வேண்டும். உங்களுக்கு 2,850 அல்லது 3,990 பவுண்டு. இது நாட்டின் சட்டம் அல்ல, லீக்கின் விதி. கொடுக்காவிட்டால் மேலும் 15 புள்ளிகள் வெட்டு. அந்த வெட்டைத் தாங்கிக்கொள்வதே லாபம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு.

பாக்கியை வசூலிப்பது

இனிமேல் கடனுக்குச் சப்ளை வேண்டாம். ஆட்டத்துக்கு முன் பணம் கணக்கில் வந்தால் மட்டும் வண்டி கிளம்பட்டும். இதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சத்தின் விலை இதுவரை 11,400.

பில்களில் 30 நாள் தவணை இருந்தால், அது கடந்த ஒவ்வொரு நாளுக்கும் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியோடு 8 விழுக்காடு கூட்டிக் கேட்க 1998ஆம் ஆண்டின் தாமதப் பணப்பட்டுவாடாச் சட்டம் அனுமதிக்கிறது. 1,000 முதல் 10,000 பவுண்டுக்குள் உள்ள ஒவ்வொரு பில்லுக்கும் 70 பவுண்டு இழப்பீடும் உண்டு. உங்கள் ஆறு பில்களுக்கு 420. எழுத்தில், தேதியோடு, 14 நாள் கெடு வைத்துக் கேளுங்கள்.

கிளப் கம்பெனியையே மூடச் சொல்லி நீதிமன்றத்தில் கலைப்பு மனு போடலாமா என்கிறீர்கள். 750 பவுண்டுக்கு மேல் மறுப்பில்லாத கடன் இருந்தால் முடியும். நான் பரிந்துரைக்க மாட்டேன். நீதிமன்றக் கட்டணமும் வைப்புத்தொகையும் சில ஆயிரம் பவுண்டு பிடிக்கும், கிடைப்பதோ எல்லாருக்கும் பொது. ஊரில் ‘கிளப்பைக் கொன்றவன்’ என்ற பெயர் வேறு. வரித்துறை எப்படியும் போடும், அதைப் பின்தொடருவது உங்களுக்கு மலிவு. சிவில் நீதிமன்றத்தில் சாதாரணப் பண வழக்கு என்றால் கட்டணம் கோரும் தொகையில் 5 விழுக்காடு, உங்களுக்குச் சுமார் 570 பவுண்டு. கிளப் இன்னும் மூச்சுவிடும்போது மட்டுமே அதற்குப் பயன்.

ஓர் ஆபத்தை அழுத்திச் சொல்கிறேன். கலைப்பு மனு தாக்கலான பிறகு கிளப் உங்களுக்குப் பணம் தந்து, பின்னர் கலைப்பு உத்தரவு வந்தால், அதே இன்சால்வன்சி சட்டத்தின் 127ஆவது பிரிவின்படி அந்தப் பட்டுவாடா செல்லாமல் போகலாம், திருப்பிக் கேட்பார்கள். மனு அரசிதழான ‘கெசட்’டில் விளம்பரமானதும் வங்கிகள் வழக்கமாகக் கணக்கை முடக்கிவிடும். கெசட் இணையதளத்தில் கிளப்பின் பதிவுப் பெயரை வாரம் இருமுறை தேடுங்கள். கம்பெனியின் பதிவுப் பெயரும் கிளப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஈ.எஃப்.எல். தன் தளத்தில் வெளியிடும் டிரான்ஸ்ஃபர் தடைப் பட்டியலும் உதவும். வரிப் பாக்கிக்காகத் தடை என்று அங்கே வந்தாலே மனு தொலைவில் இல்லை எனலாம்.

வாட் பதிவு இருந்தால் இன்னொன்று. கட்ட வேண்டிய தேதியிலிருந்து ஆறு மாதம் கழிந்து, வாராக் கடனாகக் கணக்கில் எழுதிவிட்டால், அந்தப் பில்களுக்கு நீங்கள் கட்டிய வாட்டைத் திரும்பப் பெறலாம். சிறு வியாபாரிகள் பலர் இதைக் கேட்பதே இல்லை.

பங்கும் பதவியும்

வேண்டாம். பாக்கியைப் பங்காக மாற்றினால் வரிசையின் கடைசிக்கு, அதாவது அநேகமாகப் பூஜ்யத்துக்கு, நீங்களே நடந்துபோகிறீர்கள். ‘அசோசியேட் டைரக்டர்’ பட்டம் மைதானத்தில் டைரக்டர்கள் பகுதியில் நாற்காலியும் கிளப் டையும் தரும் மரியாதைதான் என்றாலும், முடிவெடுக்கும் கூட்டங்களில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் பதிவில் பெயர் இல்லாமலே டைரக்டராக நீங்கள் கருதப்படலாம். மீள வழியில்லை என்று தெரிந்த பிறகும் கடன் ஏற்றிக்கொண்டே போன டைரக்டர்கள் சொந்தப் பணத்தில் ஈடு செய்ய இன்சால்வன்சி சட்டத்தின் 214ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

லீக்கும் ரெகுலேட்டரும் காப்பாற்றுவார்களா

பரி கிளப் 1885இல் தொடங்கியது, எஃப்.ஏ. கோப்பையை இருமுறை வென்றது. 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் அதை 1 பவுண்டுக்கு வாங்கினார். அந்த சீசனில் அணி லீக் ஒன்னுக்கு உயர்ந்தது, ஊரே கொண்டாடியது. 2019 ஆகஸ்ட் 27 அன்று, கடன்களைத் தீர்க்கவும் கிளப்பை நடத்தவும் பணம் இருப்பதை நிரூபிக்கவில்லை என்று லீக் அதை வெளியேற்றியது. புள்ளிப் பட்டியலைப் பார்த்து நிதிநிலையை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2025 ஜூலை 21 அன்று ஒப்புதல் பெற்ற கால்பந்து ஆளுகைச் சட்டம், நீங்கள் சொல்லும் ரெகுலேட்டரை அமைத்து, மேல் ஐந்து பிரிவுகளிலுள்ள கிளப்புகளுக்கு உரிமம், நிதித் திட்டம், முதலாளிகளின் தகுதிச் சோதனை, மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முன் அனுமதி ஆகியவற்றைக் கொண்டுவருகிறது. நல்ல சட்டம்தான், படிப்படியாக அமலாகிறது. ஆனால் விழும் கிளப்புக்குப் பணம் கொடுக்கும் நிதி எதுவும் அதில் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் போன மைதானத்தை அது திரும்பக் கொண்டுவராது.

அட்மினிஸ்ட்ரேஷன் என்றால் முடிவு என்று நீங்கள் பயப்படுவதும் மிகை. கடன் கொடுத்தவர்களின் நடவடிக்கைகள் தடுக்கப்படும், நீதிமன்ற அதிகாரியான ஒருவர் கிளப்பை நடத்தி விற்க முயல்வார், 12 புள்ளிகள் போகும். ஆனால் அவருக்கும் அந்த மாத 3,50,000 வேண்டும். யாரும் தராவிட்டால் வீரர்களை விற்பார். இரண்டு மாதச் சம்பளம் நின்றுவிட்டால் வீரர்கள் நோட்டீஸ் கொடுத்து இலவசமாகவே வெளியேறலாம். விற்பதற்கு இருந்த ஒரே சரக்கும் அதோடு போகும். தாமதமாகிவிட்ட அட்மினிஸ்ட்ரேஷன்தான் கிளப்பைக் கொல்லும்.

டிரஸ்டுக்கு 5,000 கொடுப்பது

இதை நான் ஒரேயடியாக மறுக்கவில்லை. போர்ட்ஸ்மத் 2012இல் இரண்டாம் முறை விழுந்தபோது ரசிகர்கள் ஆளுக்கு 1,000 பவுண்டு பங்கு எடுத்து, வசதியுள்ள சிலரும் சேர்ந்து, 2013 ஏப்ரலில் கிளப்பை வாங்கினார்கள். அதற்கும் மைதானத்தின் மீது அடமானம் வைத்திருந்த கம்பெனிக்கு 3 மில்லியன் கொடுத்து விடுவிக்க வேண்டியிருந்தது. 2017இல் அதை மைக்கேல் ஐஸ்னரின் நிறுவனத்துக்கு விற்றார்கள். எக்ஸிட்டர் சிட்டி 2003 முதல் டிரஸ்டின் கையில் இருக்கிறது, வரவுக்குள் செலவு செய்து.

பணம் தருமுன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நீங்கள் வாங்குவது கிளப்பின் பங்கா, டிரஸ்டின் பங்கா? டிரஸ்ட் சமூகநலச் சங்கமாகப் பதிவாகியிருந்தால் எவ்வளவு போட்டாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. பங்கை வேறொருவருக்கு விற்க முடியாது. வாரியம் சம்மதித்தால் மட்டுமே திரும்பப் பெறலாம், அதன் மதிப்பைக் குறைக்கவும் வாரியத்தால் முடியும். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது. விற்பனை முடியும்வரை பணம் வழக்கறிஞரின் தனிக் கணக்கில் இருக்குமா, எந்தத் தேதிக்குள் முடியாவிட்டால் திரும்ப வரும்? மைதானம் பேரத்தில் இருக்கிறதா? முதலாளியின் 17 மில்லியன் என்ன ஆகும்? வாங்கிய பிறகு வரும் முதல் 12 மாதப் பள்ளத்துக்கு யார் பணம்? கடைசிக் கேள்விக்கு “ரசிகர்கள் தருவார்கள்” என்பதே பதிலானால், 5,000த்தை 500 ஆகக் குறையுங்கள். இப்போதைய முதலாளி சம்பளம் கொடுக்க டிரஸ்ட் இடைக்காலக் கடன் தருவதாக இருந்தால் ஒரு பவுண்டும் வேண்டாம்.

மைதானத்தைச் சமூக மதிப்புச் சொத்தாகக் கவுன்சிலில் பதிவு செய்யச் சொல்லி டிரஸ்டை நெருக்குங்கள். 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி பதிவு ஐந்து ஆண்டு நிற்கும். விற்க முனைந்தால் ஆறு வாரமும், சமூக அமைப்பு ஏதேனும் ஆர்வம் தெரிவித்தால் மொத்தம் ஆறு மாதமும் விற்பனையைத் தள்ளிவைக்கலாம். உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவகாசம் மட்டும் கிடைக்கும்.

சீசன் டிக்கெட் புதுப்பிப்புக்கு இந்த மாதக் கடைசி என்றும், முன்பதிவுச் சலுகையை விட மனமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிளப் விழுந்தால் டிக்கெட் வாங்கியவரும் பிணையில்லாமல் கடன் கொடுத்தவராகத்தான் நிற்பார். ரசிகர்களைப் பகைக்க விரும்பாமல் அட்மினிஸ்ட்ரேட்டர்கள் டிக்கெட்டுகளைப் பெரும்பாலும் மதிப்பார்கள், கடமை என்று இல்லை. வாங்குவதானால் கிரெடிட் கார்டில் நேரடியாகக் கிளப்புக்கே கட்டுங்கள். ஒரு டிக்கெட்டின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி கார்டு கம்பெனியிடம் கேட்கலாம். விலை ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியாகப் பார்க்கப்படும். 100க்குக் கீழே உள்ள குழந்தைகள் டிக்கெட்டுக்கு இந்தப் பாதுகாப்பு வராது, அதற்கு, கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லி வங்கியிடம் கேட்கும் ‘சார்ஜ்பேக்’ மட்டுமே. பாக்கிக்குக் கழித்துக்கொள்கிறோம் என்று கிளப் சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் ஒப்புக்கொள்ளலாம். மனு எதுவும் தாக்கலாகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, எந்தப் பில்லில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதைக் கிளப்பின் கணக்குப் பிரிவிடமிருந்து எழுத்தில் வாங்கிவையுங்கள்.